பழைய காரின் முன்சக்கரப் பக்கத்தில் கேட்கும் சத்தம்

வேலூரிலிருந்து குடியாத்தம், பேரணாம்பட்டு வழியாகச் செல்லும் சாலையிலோ, ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறும் சாலையிலோ, பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய ஒரு சிறிய காரின் முன்பக்கத்தில் ‘டக் டக்’ என்று சத்தம் கேட்கத் தொடங்கினால், பெரும்பாலோர் முதலில் சந்தேகிப்பது ஷாக் அப்சார்பரைத்தான். விலை கூடிய அந்தப் பாகத்தை இருபுறமும் மாற்றிய பிறகும் அதே சத்தம் தொடர்வது அடிக்கடி நடக்கிறது. சக்கரங்களை உடற்கூட்டோடு இணைத்து அதிர்வைத் தாங்கும் முன் சஸ்பென்ஷனில் சத்தம் எழுப்பக்கூடிய இணைப்புகள் ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்தாறு இருக்கின்றன. அவற்றில் பல, ஷாக் அப்சார்பரைவிட மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் ரப்பர் புஷ்களும் (இணைப்புகளில் பொருத்தும் ரப்பர் வளையங்கள்) பால் ஜாயிண்டுகளும்தான் (எப்பக்கமும் திரும்பக்கூடிய உருண்டை மூட்டுகள்). எது தேய்ந்திருக்கிறது என்பதை, சத்தம் எந்தச் சூழலில் வருகிறது என்பதைக் கொண்டே பெருமளவு கணித்துவிடலாம். பாகங்களைக் கழற்றுவதற்கு முன் இதற்காக ஒரு மணி நேரம் செலவிடுவது வீண்போகாது.

மாருதி 800, ஆல்ட்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ போன்ற கார்களின் முன்பக்கத்தில் இருப்பது மெக்பெர்சன் ஸ்ட்ரட் என்னும் அமைப்பு. ஏர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940களில் வடிவமைத்தது இது. காயில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஒரே தூணின் மேல்முனை, பானட்டுக்கு அடியில் ரப்பர் மவுண்ட் ஒன்றின் வழியாக உடற்கூட்டோடு பொருத்தப்பட்டிருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது தூணும் சேர்ந்து திரும்புவதற்காக அந்த மவுண்டில் ஒரு பேரிங்கும் உண்டு. கீழே, லோயர் ஆர்ம் சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்கிறது. அதன் வெளிமுனையில் பால் ஜாயிண்டும் உள்முனையில் ரப்பர் புஷ்ஷும் இருக்கின்றன. வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்வதைக் குறைக்க, இடது வலது சக்கரங்களை இணைத்தபடி ஸ்டெபிலைசர் கம்பி குறுக்கே செல்கிறது. மாருதி 800இல் இந்தக் கம்பியே லோயர் ஆர்ம் முன்பின்னாக நகராமலும் பிடித்துக்கொள்கிறது. அம்பாசடரின் முன்பக்கம் முறுக்குக் கம்பிகளையே ஸ்பிரிங்காகக் கொண்ட வேறு வகை என்பதால், கீழே சொல்லப்படும் எல்லாச் சோதனைகளும் அதற்கு அப்படியே பொருந்தமாட்டா.

சத்தத்துக்கு மூலகாரணம், இணைப்புகளில் உண்டாகும் இடைவெளி. நல்ல நிலையில் உள்ள புஷ்ஷில், உள்ளிருக்கும் இரும்புக் குழலுக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே ரப்பர் இறுக ஒட்டியிருக்கும். லோயர் ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர் முறுக்கிக்கொள்ளுமே தவிர, எதன் மீதும் வழுக்காது. கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வேலூர் வெயிலில், எஞ்சின் சூட்டுக்கு அருகில், காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ஆண்டுக்கணக்கில் அந்த ரப்பரைத் தாக்குகின்றன. அது மெல்ல மெல்ல நெகிழ்வை இழந்து, வெடித்து, உலோகத்திலிருந்து பிரிகிறது. ஒரு மில்லிமீட்டர் இடைவெளி போதும். மேடுபள்ளத்தில் காரின் உடற்பகுதி நொடிக்கு ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை முறை மெதுவாக அசைகிறது. சக்கரமோ நொடிக்குப் பத்து முதல் பதினைந்து முறை துள்ளக்கூடியது. ஒவ்வொரு துள்ளலிலும் விசையின் திசை மாறும்போது, உலோகம் அந்த இடைவெளியைக் கடந்து எதிர்ப்பக்கத்தில் மோதுகிறது.

மோதல் மிகக் குறுகிய நேரமே நீடிப்பதால், அதில் தாழ்ந்த அதிர்வெண்கள் முதல் உயர்ந்தவை வரை எல்லாம் கலந்திருக்கும். அந்த அதிர்வு எஃகின் வழியே நொடிக்கு ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து, தரைத் தகட்டையும் டாஷ்போர்டுக்குப் பின்னுள்ள தகட்டையும் அதிரச் செய்கிறது. தந்தியின் மெல்லிய அதிர்வை வீணையின் குடம் பெருக்கிக் காட்டுவதைப் போலவே, உடற்கூட்டின் தகடுகளும் இந்தச் சிறு மோதலைப் பெருக்கிக் காட்டுகின்றன. ஆகவே சத்தம் எங்கிருந்து வருவதாகக் காதுக்குத் தோன்றுகிறதோ, அங்கேதான் பழுது இருக்கும் என்று நம்ப முடியாது. இடப்பக்கப் பழுது வலப்பக்கம் கேட்பதும் உண்டு. இடத்தைத் தேடுவதைவிடச் சூழலைத் தேடுவது நல்ல வழியாவதற்கு இதுவே காரணம்.

காட்பாடி காந்தி நகரின் உட்தெருக்களைப் போன்ற அமைதியான, இருபுறமும் மதில் உள்ள இடத்தில், கண்ணாடிகளை இறக்கிவிட்டு நடைவேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மதிலில் பட்டுத் திரும்பும் ஒலி தெளிவாகக் கேட்கும். முதலில், இரண்டு முன்சக்கரங்களும் ஒருசேர ஏறும்படி வேகத்தடையை நேராகக் கடக்க வேண்டும். அடுத்து, ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்படி ஓட்ட வேண்டும். இரு சக்கரங்களும் ஒன்றாக ஏறும்போது ஸ்டெபிலைசர் கம்பி முறுக்கப்படுவதில்லை. ஒன்று மட்டும் இறங்கும்போதுதான் அதன் இணைப்புகளில் விசை ஏறுகிறது. முதல் சோதனையில் அமைதியாக இருந்து, இரண்டாவதில் ‘கட கட’ என்று கேட்டால், ஸ்டெபிலைசரின் லிங்க் (கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சிறு தண்டு) அல்லது புஷ் மீதுதான் சந்தேகம் விழ வேண்டும். இரண்டிலும் ஒரே மாதிரி கனத்த ‘தொம்’ என்ற ஓசை வந்தால், மேல் மவுண்டையும் ஷாக் அப்சார்பரையும் பார்க்க வேண்டும்.

வண்டி நிற்கும்போதே ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ‘டொங்’ என்று ஸ்பிரிங் விடுபடும் ஓசை கேட்பது, மவுண்டில் உள்ள பேரிங் இறுகிவிட்டதன் அடையாளம். தூணோடு சேர்ந்து சுழல முடியாத ஸ்பிரிங், முறுக்கேறி, திடீரென்று நழுவுகிறது. ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மற்றொருவர் ஸ்பிரிங்கின் மீது கையை லேசாக வைத்தால், அந்த நழுவலை விரலாலேயே உணரலாம். விரல் சுருள்களுக்கு இடையில் போய்விடக் கூடாது.

பிரேக் மிதிக்கும் கணத்தில் ஒரே ஒரு முறை ‘டக்’ என்று கேட்டு, மீண்டும் வண்டியைக் கிளப்பும்போது இன்னொரு முறை கேட்டால், லோயர் ஆர்மின் புஷ் தளர்ந்து, ஆர்ம் முன்பின்னாக நகர்கிறது என்று பொருள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் பிடித்தபடி இறங்கும்போது இந்தக் கோளாறு தவறாமல் வெளிப்படும். சில வண்டிகளில் ஸ்டீயரிங்கும் ஒரு பக்கமாக இழுக்கும்.

சஸ்பென்ஷனைச் சேராத சத்தங்களும் இதனோடு கலந்து குழப்பும். பிரேக்கை மெல்லத் தொட்ட உடனே அடங்கும் சலசலப்பு பிரேக் பேடுடையது. ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்தபடி கிளம்பும்போது வரும் ‘கட கட’ ஆக்ஸிலின் சிவி ஜாயிண்ட்டுடையது (சக்கரம் திரும்பியிருக்கும்போதும் எஞ்சினின் சுழற்சியை அதற்குக் கடத்தும் மூட்டு). வேகத்தோடு சேர்ந்து உயரும் ரீங்காரம் வீல் பேரிங்கிலிருந்து வருவது.

பிறகுதான் ஜாக்கி. சமதளத்தில், பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, வண்டியை ஸ்டாண்டின் மீது நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் புகுவது உயிருக்கே ஆபத்து. தொங்கும் சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். உதவியாளர் பிரேக்கை அழுத்தியதும் அந்த ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங்; மறையாவிட்டால் பால் ஜாயிண்ட் அல்லது ஆர்ம் புஷ். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் தெரியும் ஆட்டம், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் இரு முனை மூட்டுகளான டை ராடு எண்டையோ ரேக் எண்டையோ காட்டும். பால் ஜாயிண்டை உறுதிசெய்ய, ஒரு லீவர் கம்பியை லோயர் ஆர்முக்கும் சக்கர நக்கிளுக்கும் (சக்கரத்தைத் தாங்கும் வார்ப்புப் பாகம்) நடுவே கொடுத்து நெம்பிப் பார்க்க வேண்டும். அதன் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே மண்ணும் தண்ணீரும் போயிருந்தால், ஆட்டம் சிறிதாக இருந்தாலும் மாற்றிவிடுவதே சரி. பால் ஜாயிண்ட் முற்றிலும் கழன்றால் சக்கரம் வெளிப்புறமாகச் சாய்ந்து வண்டி கட்டுப்பாட்டை இழக்கும். இந்த ஒன்றைத் தள்ளிப்போடவே கூடாது.

ஷாக் அப்சார்பர் உண்மையிலேயே குற்றவாளியாக இருக்கும் சமயங்களும் உண்டு. உள்ளே பிஸ்டனின் நுண்துளைகள் வழியே எண்ணெய் நெருக்கிச் செல்லும்போது, அசைவின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. சீல் கசிந்து எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் சில இடங்களில் தடையின்றி விழுகிறது. தூணின் மீது எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருப்பது அதன் தெளிவான அடையாளம்.

நம் ஊர் வாட்டர் சர்வீஸ் கடைகளில் துரு பிடிக்காமலிருக்க அடிப்பாகத்தில் டீசல் அடிக்கும் பழக்கத்தையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். இயற்கை ரப்பர் பெட்ரோலிய எண்ணெயை உறிஞ்சி உப்பி, வலுவிழக்கும். ‘கிரீச்’ என்ற ஓசை, ரப்பர் உலோகத்தில் ஒட்டியும் நழுவியும் உராய்வதால் எழுவது. அது டீசல் அடித்த அன்று அடங்கும், ஆனால் புஷ்ஷின் ஆயுள் குறையும். ஓசை எழுவது ஸ்டெபிலைசர் புஷ்ஷில் என்றால், உற்பத்தியாளர் அனுமதிக்கும் இடத்தில் சிலிக்கோன் கிரீஸ் பூசுவதே பொருத்தம்.

பழுதுபார்ப்பில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது, புதிய புஷ்ஷின் போல்ட்டை எந்த நிலையில் முறுக்குகிறோம் என்பது. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழுவதும் இறுக்கினால், வண்டியைத் தரையிறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் சிக்கிக்கொள்ளும். அப்படிப்பட்ட புஷ் சீக்கிரமே கிழிந்து, பழைய சத்தம் திரும்பும். போல்ட்டைக் கையால் பூட்டி, வண்டியின் பாரம் சக்கரங்களில் இறங்கிய பிறகு, டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) கொண்டு குறிப்பிட்ட அளவுக்கு இறுக்குவதே முறை. பட்டறையில் வேலையை விட்டிருப்பவர்கள் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். நல்ல மெக்கானிக் எவரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரசர் பூட்டாமல் தூணின் உச்சி நட்டைக் கழற்றவே கூடாது. அழுந்தியிருக்கும் ஸ்பிரிங் வெடித்தாற்போலத் தெறிக்கும்.

ஸ்ட்ரட், லோயர் ஆர்ம், டை ராடு எண்ட் ஆகியவற்றில் எதைக் கழற்றினாலும் சக்கரங்களின் கோணம் சிறிதாவது மாறும். ஆகவே வேலை முடிந்ததும் வீல் அலைன்மெண்ட் செய்தாக வேண்டும். இல்லையெனில் டயரின் ஓரம் சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் தேய்ந்து, அதன் இரைச்சல் புதிய சஸ்பென்ஷன் சத்தமாகவே காதில் விழும். தேய்ந்த புஷ்களை மாற்றுவதற்கு முன்பே அலைன்மெண்ட் செய்வதால் பயனில்லை, ஏனெனில் ஆட்டம் உள்ள இணைப்பில் எந்தக் கோணமும் நிலைக்காது.