பாட்டு முடிந்த பிறகு

மனநல ஆலோசனைக்கு வருபவர்களிடம் முதல் சந்திப்பிலேயே நான் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "அண்மையில் எந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்?" என்பதாகும். தூக்கம், பசி, வேலை பற்றிக் கேட்டால் ஓரிரு சொற்களில் முடித்துவிடுகிறவர்கள்கூட, இந்தக் கேள்விக்கு மட்டும் சற்றுத் தயங்கி, பின் மனம் திறந்து பேசத் தொடங்குவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

கணவரை இழந்து ஓராண்டாகியும் தமக்கு அழுகையே வரவில்லை என்று சொன்ன ஒரு பெண்மணி, பயணத்தின்போது காதில் விழுந்த ஒரு பழைய திரைப்பாட்டின் இரண்டாவது சரணத்தில் தம்மையறியாமல் விம்மி அழுததாகக் கூறினார். அது இறப்பைப் பற்றிய பாட்டன்று; வரத் தாமதமாகும் ஒருவருக்காகக் காத்திருப்பதைச் சொல்லும் காதல் பாட்டு. அதுவரை தம் நிலையை 'வெறுமை' என்று மட்டுமே சொல்லிவந்தவர், அதன் பின்னர்தான், மாலையில் கதவு திறக்கும் ஓசைக்காகத் தாம் இன்னும் காத்திருப்பதைச் சொன்னார்.

அழுகை இளிவு (இகழப்படுதல்), இழவு (இழப்பு), அசைவு (முன்னைய நல்ல நிலை கெட்டு வருந்துதல்), வறுமை என்னும் நான்கிலிருந்து பிறப்பதாகத் தொல்காப்பியம் வகுக்கிறது. எல்லாவற்றையும் துன்பம் என்ற ஒரே சொல்லால் மூடிவிடாமல், இது அவமதிப்பால் வந்த நோவா, இழப்பால் வந்ததா என்று இனங்காண்பதுதான் ஆலோசனை அறையில் எங்கள் வேலையில் பாதி. பல அமர்வுகள் எடுக்கும் அந்த வேலையை ஒரு பாட்டு சில நேரங்களில் நான்கு நிமிடங்களில் செய்துவிடுகிறது.

இதற்கு உடலிலும் அடிப்படை உண்டு. இசையில் மெய்சிலிர்க்கும் தருணத்தில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்னும் வேதிப்பொருள் மூளையில் சுரப்பதை மாண்ட்ரியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் காட்டினர். அந்த உச்சத்தில் மட்டுமன்றி, அதை எதிர்பார்த்திருக்கும் நொடிகளிலும் மூளையின் வேறொரு பகுதியில் அது சுரக்கிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அடுத்து என்ன வரும் என்பது தெரிந்த பாட்டு அலுக்காமல் இருப்பதும், எதுவுமே உறுதியில்லாத காலத்தில் பல்லவி தவறாமல் திரும்பி வருவது ஆறுதல் தருவதும் இதனால் விளங்குகின்றன.

ஆனால், எல்லாச் சோகப் பாட்டும் எல்லாருக்கும் மருந்தாவதில்லை. காதல் முறிந்த இளைஞர் ஒருவர் ஒரே பாட்டை இரவு மூன்று மணிவரை கேட்டபடி, நடந்தவற்றை மனத்துக்குள் அசைபோட்டுக்கொண்டிருந்தார். அவருடைய துயரத்துக்குப் பாட்டு காரணமல்ல என்றாலும், ஒவ்வொரு முறையும் அது முடிச்சை இன்னும் இறுக்கியது. அத்தகையவர்களிடம் பாட்டை விட்டுவிடச் சொல்வதில்லை. பாட்டு முடிந்த பிறகு மனம் இளகியிருக்கிறதா, இறுகியிருக்கிறதா என்று கவனிக்கச் சொல்கிறேன். இறுகியிருந்தால், இப்போதைய மனநிலைக்கு ஒத்த பாட்டில் தொடங்கிச் சிறிது சிறிதாக இலகுவான பாட்டுகளுக்கு நகர்வது நல்லது; இசைச் சிகிச்சையில் 1940-களிலிருந்தே அறியப்பட்ட முறை இது. சோகத்தில் இருப்பவருக்கு எடுத்த எடுப்பில் துள்ளலிசையைப் போட்டுவிடுவது, அன்போடு செய்தாலும், அவரைத் தனிமைப்படுத்தவே கூடும்.

பாட்டு வரிகளை வாழ்க்கை விதியாக ஏற்பதிலும் நிதானம் வேண்டும். யாரையும் நம்பாதே என்று ஒரு பாட்டு சொன்னால், ஏமாற்றப்பட்ட ஒரு கதாபாத்திரத்தின் அந்த நேரத்து வாய்மொழி அது. மெட்டின் இனிமையாலேயே அது முடிந்த முடிவைப் போல ஒலிக்கிறது. நொந்த ஒருவரின் சொல்லாக அதைக் கேட்டுக்கொள்ளலாம், நம் உறவுகளுக்குத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மனச்சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து, தூக்கமும் அன்றாட வேலையும் குலைந்தாலோ, சாக வேண்டும் என்ற எண்ணம் ஒருமுறை தோன்றினாலோ, பாட்டு துணையாக இருக்கட்டும், மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ கட்டாயம் பார்க்க வேண்டும். பலரும் கவனிக்கத் தவறும் அறிகுறி இன்னொன்று உண்டு. முன்பு உயிராகக் கேட்ட பாட்டு இப்போது வெறும் ஓசையாக இருக்கிறது, அழவும் முடியவில்லை, ரசிக்கவும் முடியவில்லை என்று சிலர் சொல்வார்கள். உங்கள் வீட்டில் ஒருவர் அப்படிச் சொன்னாலோ, எப்போதும் பாட்டோடு இருந்தவர் காரணமின்றி அதை நிறுத்திவிட்டாலோ, வேறு நல்ல பாட்டுகளைத் தேடித் தருவதில் நாட்களைக் கடத்தாமல், அருகில் அமர்ந்து என்ன ஆயிற்று என்று கேளுங்கள். சிகிச்சைக்கு அவரோடு நீங்களும் வாருங்கள்.