இமேஜ்: புனைதோற்றமும் புனையா ஓவியமும்

கடந்த தேர்தல் நேரத்தில் சைதாப்பேட்டையில் எங்கள் தெருமுனை இஸ்திரி வண்டிக்குச் சட்டை கொடுக்கப் போனேன். "நம்ம தொகுதியில யாருக்கா நிக்கிறாங்க?" என்று கேட்டேன். பெட்டியில் கரித்துண்டுகளைப் போட்டு விசிறிக்கொண்டே அந்த அக்கா சொன்னார்: "யாரு நின்னா என்ன சார்? ஓட்டு தலைவரு மூஞ்சிக்குத்தானே. அவுரு இமேஜ் அப்படி."

மூஞ்சி, இமேஜ் என்று இரண்டு சொல்லையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். மூஞ்சி பிறப்பிலேயே வந்துவிடுகிறது. இமேஜ் எங்கிருந்து வருகிறது? அந்தச் சொல்லைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால், நம் தேர்தல் முறையில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பதும் சேர்ந்து தெரியவருகிறது.

தமிழில் இந்தச் சொல்லுக்குச் சினிமா வாடை உண்டு. "இமேஜ் பார்க்காமல் நடித்திருக்கிறார்" என்று விமர்சனங்களில் படித்துப் பழகியிருக்கிறோம். அரசியலுக்கு வந்தபின் அதனோடு சேரும் வினைகள் கூடிவிட்டன: இமேஜை ஏத்துகிறார்கள், இமேஜ் டேமேஜ் ஆகிறது, இமேஜைத் தூக்கி நிறுத்துகிறார்கள். இதற்குப் பக்கத்தில் 'பேர்' என்ற நம் பழைய சொல்லை வைத்துப் பாருங்கள். பேர் எடுக்கிறோம், பேர் வாங்குகிறோம், பேரைக் கெடுத்துக்கொள்கிறோம். மூன்றையும் செய்பவர் அந்தப் பேருக்கு உரியவரே. இமேஜை ஏற்றுவதற்கோ வேறு ஆட்கள் வேண்டும்: படம் எடுப்பவர், மேடை போடுபவர், வியூகம் வகுப்பவர், எல்லாருக்கும் கூலி கொடுப்பவர். அதனால் இமேஜை 'நற்பெயர்' என்று மொழிபெயர்ப்பதை நான் ஏற்க மாட்டேன். சம்பாதித்ததையும் செய்யச்சொல்லி வாங்கியதையும் ஒரே சொல்லால் அழைக்கக் கூடாது.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் லத்தீனிலிருந்து, பிரெஞ்சு வழியாக வந்தது. லத்தீன் மூலம் 'இமாகோ'. உருவம், சாயல், நிழலுரு என்றெல்லாம் பொருள். பழைய ரோமில் அதற்குக் குறிப்பான ஒரு பொருளும் இருந்தது. உயர்பதவி வகித்த முன்னோரின் முகத்தை மெழுகில் வார்த்து, பெரிய குடும்பத்தார் வீட்டு முன்கூடத்தில் வைத்திருந்தார்கள். குடும்பத்தில் இழவு விழுந்தால் அந்த முகங்களை ஆட்கள் அணிந்து, அந்தந்தப் பதவிக்குரிய உடையில் ஊர்வலமாக வருவார்கள். பார்த்து நின்ற இளைஞர்களுக்கு அது எத்தனை கிளர்ச்சி தந்தது என்று பொலிபியஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். ஆக, முகமும் பதவியும் வாரிசும் இந்தச் சொல்லுக்குள் அப்போதே குடியிருந்தன.

'கேண்டிடேட்' என்ற சொல்லும் அதே ஊர்ப் பிறப்புதான். பதவி கேட்டு வாக்காளர்களைச் சந்திக்கப் போகிறவர் சுண்ணத்தால் வெளுப்பேற்றிய அங்கியை அணிவார். வெண்மைக்கு அவர்கள் சொல் 'கேண்டிடஸ்'; அதனால் அவர் 'கேண்டிடாட்டஸ்', வெள்ளுடைக்காரர். நம் வெள்ளை வேட்டி சட்டைக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய அண்ணன். அந்த வெளுப்பே பிரச்சினையாகி, வாக்குக் கேட்பதற்காக உடையை வெள்ளையாக்கக் கூடாது என்று கி.மு. 432இல் ஒரு சட்டம் கொண்டுவந்ததாக லிவி என்ற வரலாற்றாசிரியர் பதிவு செய்கிறார். தேர்தல் சீர்திருத்தம் என்று இன்று நாம் பேசுவது அன்று தோற்றத்தைக் கட்டுப்படுத்துவதில் போய் நின்றிருக்கிறது. எனக்கு இது பெரிய செய்தி.

தமிழ் வேறு வழியில் போனது. முன்பு 'அபேட்சகர்' என்றார்கள், வடசொல். பிறகு 'வேட்பாளர்' என்றோம். வேட்பு என்றால் விருப்பம். இரண்டுமே ஆளின் உடையைப் பார்க்காமல், ஒன்றை விரும்பிக் கேட்டு நிற்கும் நிலையைச் சொல்கின்றன.

இனி இமேஜுக்குத் தமிழ் என்ன? 'பிம்பம்' என்றுதான் இதழ்கள் எழுதுகின்றன. அது வடசொல். வட்டம், குறிப்பாகச் சூரிய சந்திர வட்டம் என்பது அதன் பொருள்களில் ஒன்று. சிவந்த கொவ்வைப் பழத்துக்கும் அதுவே பெயர். நாம் கவனிக்கத் தவறிய ஒன்று இதில் உண்டு. வடமொழியில் வானத்து நிலவு பிம்பம். குளத்தில் தெரிவது பிரதிபிம்பம். நாம் 'பிரதி'யைக் கழற்றிவிட்டு நிழலையே பிம்பம் என்கிறோம். மூலத்தின் பெயரை நகல் எடுத்துக்கொண்டுவிட்டது. அரசியலில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான்.

'படிமம்' பழைய சொல். தொல்காப்பியப் பாயிரம் "பல்புகழ் நிறுத்த படிமையோனே" என்று முடிகிறது. புகழும் படிமையும் ஒரே அடியில் நிற்கின்றன. ஆனால் அங்கே படிமை என்றால் தவக்கோலம், தவ ஒழுக்கம். வடமொழிப் பிரதிமையோடு உறவு சொல்வாரும், 'படி எடுத்தல்' என்பதில் வரும் படியிலிருந்து கிளைத்தது என்பாரும் உண்டு. இன்று கவிதை பேசுபவர்களும் செயற்கைக்கோள் படங்களைப் பற்றி எழுதுபவர்களும் அதைத் தத்தம் துறைக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 'சாயல்' மென்மையான சொல், நமக்குப் போதாது.

நான் 'புனைதோற்றம்' என்று எழுதுகிறேன். புனைதல் என்றால் அழகு செய்தல், தொடுத்தல், கட்டுதல், இல்லாததை இருப்பதாக ஆக்குதல். புனைகதை, புனைபெயர் எல்லாருக்கும் தெரிந்தவை. இந்த வேரைப் பிடித்ததற்கு இன்னொரு காரணம் நெடுநல்வாடை. கணவன் போர்ப்பாசறையில் இருக்க, அணிகளைக் களைந்து கிடக்கும் அரசியை அது "புனையா ஓவியம்" போல என்கிறது: வண்ணம் தீட்டாத கோட்டோவியம்.

அப்படி ஒரு புனையா ஓவியத்தை வடசென்னையில் ஒரு தகரக் கொட்டகையில் பார்த்திருக்கிறேன். ஃப்ளெக்ஸ் வருவதற்கு முந்தைய காலம். கையகலப் புகைப்படத்தின்மேல் பென்சிலால் கட்டம் போட்டிருந்தார் ஓவியர். சுவரில் சாய்த்திருந்த ஒட்டுப்பலகைகளிலும் அதே கட்டம், பல மடங்கு பெரிதாக. கட்டத்துக்குக் கட்டம் கோட்டை மாற்றி வரைந்து முடித்திருந்தார். வண்ணம் இன்னும் ஏறவில்லை. ஒரு தலைவரின் முகம், கண்ணுக்குக் கீழே தொங்கலும் கன்னத்துச் சுருக்கமுமாக, களைத்த ஒரு பெரியவரின் முகமாக இருந்தது. இரண்டு நாள் கழித்துப் போனபோது ரோஜா நிறம் ஏறியிருந்தது. சுருக்கம் ஒன்றுகூட இல்லை. "வயசைக் காட்டுனா ஆர்டர் குடுத்தவுங்க எடுத்துக்க மாட்டாங்க தம்பி" என்றார் ஓவியர். சவுக்குக் கட்டைகளைக் கட்டி அதை நிமிர்த்த ஒரு லாரி ஆள் வந்திருந்தது.

புனைதோற்றம் எல்லாமே பொய் என்று நான் சொல்ல மாட்டேன். 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். அந்தக் காயம் உண்மை. கழுத்தில் கட்டோடு படுக்கையில் இருந்த அவரது படம் சுவரொட்டியாகி ஊரெங்கும் ஒட்டப்பட்டது. பரங்கிமலைத் தொகுதியில் பிரசாரத்துக்கே போகாமல் அவர் வென்றார். உண்மையான ஒரு கணம் அச்சாகிப் பெருகும்போது அது புனைதோற்றமாகிறது. பின்னாளில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் வரைந்தால் எம்.ஜி.ஆர்., கண்ணாடியும் மஞ்சள் துண்டும் வரைந்தால் கலைஞர் என்று குழந்தைகூடச் சொன்னது. அன்போடு ஏற்றுக்கொண்ட அடையாளங்கள் அவை. என் கவலை அந்த அன்பைப் பற்றியதல்ல. புனைதோற்றத்துக்கு ஆகும் செலவைச் சட்டம் எந்தக் கணக்கில் எழுதுகிறது என்பதே.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951இன் 77ஆம் பிரிவு வேட்பாளரின் செலவுக்கு வரம்பு வைக்கிறது. 2022இல் திருத்தியபடி தமிழ்நாட்டில் சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சம் ரூபாய், மக்களவைத் தொகுதிக்கு 95 லட்சம். கட்சியின் செலவுக்கு வரம்பே கிடையாது. அங்கீகாரம் பெற்ற கட்சி 40 பேர் வரை நட்சத்திரப் பேச்சாளர்களை அறிவிக்கலாம். அவர்கள் பறந்து வரும் செலவு வேட்பாளர் கணக்கில் சேராது. மேடையில் வேட்பாளர் கூட நின்றாலோ அவர் பெயரும் படமும் இருந்தாலோ அந்தச் செலவு அவர் தலையில் விழும். தலைவர் படம் மட்டும் தனியாக இருந்தால் கட்சிக் கணக்கு. அதாவது, தொகுதிக்காக நிற்பவரை மறைத்துத் தலைவரை மட்டும் காட்டுவதற்குச் சட்டமே சலுகை தருகிறது. இஸ்திரி அக்காவுக்கு வேட்பாளர் யாரென்று தெரியாததில் வியப்பென்ன?

அரசுப் பணத்தில் புனைவது இன்னொரு கதை. 2015 மே மாதம் உச்ச நீதிமன்றம் அரசு விளம்பரங்களில் குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி படங்கள் மட்டுமே வரலாம் என்றது. அடுத்த ஆண்டே மாநில அரசுகள் கேட்டுக்கொண்டதன் பேரில் ஆளுநர், முதலமைச்சர், அமைச்சர் படங்களுக்கும் வழி திறந்தது. சட்ட ஆணையம் தனது 255ஆவது அறிக்கையில், அவையின் காலம் முடிவதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே அரசு விளம்பரங்களைக் கட்டுப்படுத்தச் சொன்னது. செய்ய வேண்டியது கண்முன்னே கிடக்கிறது. கட்சிச் செலவுக்கு உச்சவரம்பு வையுங்கள். தலைவரின் தனிப்படச் செலவை அந்த வட்டார வேட்பாளர்களுக்குப் பங்கு போடுங்கள். வரிப்பணத்தில் எந்த முகமும் வேண்டாம்.

2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலை நடுவே அனுமதியில்லாமல் வைத்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் விழுந்தார். பின்னால் வந்த லாரி ஏறியது. அதற்கு 60 ஆண்டுக்கு முன்பே, 1959இல், பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க நம் மாநிலம் சட்டம் போட்டிருந்தது. அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

கணக்கு என்றதும் உத்திரமேரூர் நினைவுக்கு வருகிறது. சென்னையிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். முதலாம் பராந்தகன் காலத்து, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு குடவோலை முறையைச் சொல்கிறது. நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆண்களுக்கு மட்டுமான சபை அது. அதை இன்றைய மக்களாட்சி என்று கொண்டாட மாட்டேன். ஆனால் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை ஓலையில் எழுதவே கூடாது, அவருடைய உறவினர் பெயரையும் எழுதக் கூடாது என்று அந்தக் கல்லில் இருக்கிறது. குடத்தை எல்லாரும் காணத் தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பதை அறியாத ஒரு சிறுவன் ஓலை எடுக்க வேண்டும்.

இன்று நம்மிடம் உள்ள புனையா ஓவியம் படிவம் 26. வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரம்: சொத்து, கடன், படிப்பு, நிலுவை வழக்குகள். 2002, 2003ஆம் ஆண்டுகளில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால் வாக்காளருக்குக் கிடைத்தது. தேர்தல் ஆணையத்தின் தளத்தில் யாரும் பார்க்கலாம். வழக்குள்ளவரை நிறுத்தினால் ஏன் நிறுத்தினோம் என்று கட்சி காரணம் சொல்ல வேண்டும், 'வெற்றி வாய்ப்பு' மட்டும் காரணமாகாது என்று 2020இல் நீதிமன்றம் கூறியது.

எங்கள் தொகுதியில் நின்ற ஒருவரின் படிவத்தை அச்செடுத்துக்கொண்டு, தேய்த்த சட்டையை வாங்க மறுபடி போனேன். "படிச்சுக் காட்டட்டுமாக்கா?" என்றேன். பெட்டியைத் தாங்கியின்மேல் நிறுத்திவிட்டுக் கேட்டார். கடன் விவரத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். வழக்குகள் வந்த இடத்தில், "இது இன்னா கேசு?" என்று பிரிவு எண்ணுக்கு அர்த்தம் கேட்டார். முடித்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"தலைவருக்கும் இதே மாரி பேப்பர் இருக்கா சார்?"

"அவர் எங்கயாவது நின்னாத்தான் உண்டுக்கா. இந்த தபா அவர் எங்கயும் நிக்கல."