பழைய போட்டோவைப் ‘பளிச்’ ஆக்கும் முன்

இந்த மாதத்தில் இது நான்காவது. ஒரு பெண் கைபேசியை நீட்டினார். திரையில் சீருடையோடு அவருடைய கொள்ளுத்தாத்தா. கன்னம் மழமழவென்று இருக்கிறது, கண்ணில் ஒளி, பொத்தான்கள் தங்க நிறம். எந்தப் படைப்பிரிவில் இருந்தார் என்று தெரிய வேண்டுமாம். தொப்பியில் சின்னம்தான் தெளிவாகத் தெரிகிறதே, அதை வைத்துச் சொல்லிவிடலாம் இல்லையா என்றார். பெரிதாக்கிப் பார்த்தேன். நட்சத்திரம் மாதிரி ஒன்று, அதன் கீழே எழுத்து மாதிரி நாலு கோடுகள். எந்த மொழி எழுத்தும் இல்லை அது.

“அசல் பிரிண்ட் இருக்கிறதா?”

“ஒரே கறையாக இருந்தது சார். செயலியில் போட்டதும் இவ்வளவு தெளிவாக வந்துவிட்டது. வீட்டைச் சுத்தம் செய்யும்போது பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டோம்.”

ஆவணக் காப்பகத்தில் புகைப்படப் பிரிவில் வேலை எனக்கு. பூச்சி அரித்த படங்களையும் வெள்ளத்தில் ஊறிய படங்களையும் பார்த்திருக்கிறேன். அவற்றில்கூட ஏதாவது ஒரு மூலை மிஞ்சும். இதில் என்ன மிஞ்சியது?

கண்ணாடியில் படிந்த தூசியைத் துடைப்பதுபோலத்தான் செயலி வேலை செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை. தொப்பிச் சின்னம் அந்தப் பிரிண்டில் ஒரு மிளகு அளவு இருந்திருக்கும். அதைக் கைபேசியில் படம் பிடித்து, வாட்ஸப்பில் நாலு பேருக்கு அனுப்பி, திரும்பச் சேமித்தால், அந்த மிளகுக்கு மிஞ்சுவது பத்துப் பதினைந்து பிக்சல். அதற்குள் எழுத்து ஒளிந்திருக்கவில்லை. செயலி வேறு யார் யாருடைய படங்களையோ லட்சக்கணக்கில் பார்த்துப் பழகியது. ‘இப்படி மங்கலாக இருக்கும் இடத்தில் வழக்கமாக என்ன இருக்கும்’ என்று ஊகித்து வரைந்து வைக்கிறது. முகத்திலும் அதே கதைதான். அந்த இமை உங்கள் தாத்தாவுடையது இல்லை, அந்தப் பல் வரிசையும் இல்லை. மூக்கோரத்தில் மரு இருந்திருந்தால் கறை என்று நினைத்து அழித்திருக்கும். நம்பிக்கை இல்லையா? நேற்று எடுத்த உங்கள் படத்தையே, முகம் இருபது பிக்சல் அகலம் வரும்வரை சுருக்குங்கள். பிறகு அதே செயலியில் தெளிவாக்கி உங்கள் அம்மாவிடம் காட்டுங்கள். யார் இது என்று கேட்பார்.

வீட்டில் மாட்டிவைக்க அழகாக இருக்கிறதே, இருக்கட்டுமே என்பார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் அடுத்த தலைமுறைக்குத் தாத்தா என்றால் அந்த வரைந்த முகம்தான். அவரை நேரில் பார்த்தவர்கள் போன பிறகு, ‘இது அவர் இல்லை’ என்று சொல்ல ஆள் கிடையாது.

வண்ணம் பூசுவது இன்னொரு தலைவலி. பிலிமுக்கு முன் படம் பிடிக்கப் பயன்பட்ட ஆரம்ப காலக் கண்ணாடித் தட்டுகளுக்கு நீல ஒளிதான் உறைக்கும். 1873-இல் ஃபோகல் என்ற ஜெர்மன் வேதியியலாளர் சாயம் சேர்த்துப் பச்சையையும் பதிய வைத்தார். சிவப்பு உட்பட எல்லா நிறத்தையும் பதியும் தட்டுகள் கடைக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அதனால் அந்தக் காலப் படத்தில் நல்ல சிவப்புச் சட்டை கறுப்பாக விழும், வெளிர்நீலம் வெள்ளையாக விழும். செயலிக்கு இது எங்கே தெரியும்? கறுப்பைக் கறுப்பாகவே விட்டுவிடுகிறது, நாமும் ‘துக்க உடையில் இருக்கிறார்’ என்று எழுதிவிடுகிறோம்.

கறையும் கோணலும்கூடச் சாட்சிதான். பில்லி த கிட் என்ற அமெரிக்கக் கொள்ளைக்காரனின் பெயர்பெற்ற தகரத்தட்டுப் படம் (நெகட்டிவ் இல்லாமல் மெல்லிய இரும்புத் தகட்டிலேயே நேராக விழும் படம்) 1880 வாக்கில் எடுத்தது. அதைப் பார்த்து அவன் இடக்கைக்காரன் என்று ரொம்ப காலம் நம்பினார்கள். தகரத்தட்டில் வலம் இடமாக விழும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. அவன் கையில் இருப்பது 1873 மாடல் வின்செஸ்டர் துப்பாக்கி. அதில் தோட்டா போடும் வாய் வலப்பக்கம்தான் இருக்கும், படத்தில் இடப்பக்கம் தெரிகிறது. அந்தச் சின்ன ஓட்டைதான் குட்டை உடைத்தது. இதை இன்றைய செயலியில் ஒரு தடவை போட்டு எடுத்திருந்தால் ஓட்டை பிழைத்திருக்குமா?

ஆகவே, எதையும் சரிசெய்யும் முன் அசலை ஸ்கேன் செய்யுங்கள். கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலர் ஸ்கேன், குறைந்தது 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) கோப்பு. ஓரத்தை வெட்டாதீர்கள். பின்பக்கத்தை மறக்கவே மறக்காதீர்கள். ஸ்டூடியோ முத்திரை, தேதி, யாரோ கிறுக்கிய பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கும். பாதிக்கு மேல் விடையை நான் எடுப்பது பின்பக்கத்திலிருந்துதான். ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம், முழுப் பக்கத்தையும் அப்படியே எடுங்கள். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம் என்பதும் ஒரு தகவல். லேமினேஷன் செய்யாதீர்கள். பால்பாயின்ட் பேனாவால் பின்னால் எழுதாதீர்கள், மறுபக்கம் பள்ளம் விழும். மென்மையான பென்சில் போதும். வழுவழுப்பான புதுத் தாளில் பென்சில் பிடிக்காது, உறையில் எழுதிவிட்டு அப்புறம் படத்தை உள்ளே வையுங்கள். நெகட்டிவ் பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை வந்தால் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதை மட்டும் தனியாக எடுத்துவைத்து, தெரிந்தவர்களிடம் சீக்கிரம் காட்டுங்கள்.

பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். ‘இவர் சித்தப்பா’ என்று மட்டும் எழுதினால் பத்தாது, யாருக்குச் சித்தப்பா? சொன்னது யார், எந்த வருடம் சொன்னார் என்பதும் வேண்டும். ஒரே முகத்துக்கு இரண்டு பேர் இரண்டு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். பளிச்சென்ற படமும் வேண்டுமென்றால் தாராளமாகச் செய்துகொள்ளுங்கள், கோப்பின் பெயரிலேயே ‘செயலியில் மாற்றியது’ என்று சேர்த்துவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன், அசலை மட்டும் குப்பைக்கு அனுப்பாதீர்கள்.

அந்தப் பெண் நேற்று மறுபடி கூப்பிட்டார். பெரியம்மா வீட்டில் அதே படத்துக்கு இன்னொரு பிரிண்ட் இருக்கிறதாம், சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிப்போய். வெந்நீரில் போட்டால் வந்துவிடும் என்று யாரோ சொன்னார்களாம். எதுவும் செய்யாமல் சட்டத்தோடு அப்படியே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், இரண்டு தடவை.