காலியாகக் கிடந்த சிவப்பு ட்ரே

அம்பத்தூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்தேன். அளவு தவறிய பீஸைப் போடும் சிவப்பு ட்ரே என் லைனில் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். டீம் நன்றாக வேலை செய்கிறது என்று நம்பினேன்.

ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து டீக்கடையில் நின்றபோது, மெஷினை வேலைக்குத் தயார் செய்து கொடுக்கும் செட்டர், என்னைவிட மூத்தவர் ஒருவர், தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், நீங்க வர்றது தெரிஞ்சா பசங்க ட்ரேயில இருக்கிறத எடுத்து பெஞ்சுக்கு அடியில தள்ளிடுறாங்க. அதைப் பார்த்தாலே நீங்க கத்துறீங்க."

சுரீரென்றது. 'யார் அப்படிச் செய்யறது?' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கேட்டிருந்தால் அவர் மட்டுமில்லை, அந்த லைனில் எவருமே அப்புறம் என்னிடம் வாய் திறந்திருக்க மாட்டார்கள். "சொன்னது நல்லதாப் போச்சு அண்ணே" என்றேன். மறுநாள் ஷிஃப்ட் தொடங்கும்போது, அவர் பெயரை இழுக்காமல், "ட்ரேயைப் பார்த்து நான் கத்தினது தப்பு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

அடுத்த மாதம் ரிஜெக்‌ஷன் கணக்கு ஏறியது. மேலிடத்தில் கேள்வி வந்தது. ஆனால் அதுவரை ஒளிந்திருந்த பீஸ்கள்தான் கணக்கில் ஏறியிருந்தன. வரிசையாக அளந்து பார்த்ததில், ஒரே மெஷினில், டூல் தேயத் தேயத் துளை சிறுத்துக்கொண்டே வந்தது தெரிந்தது. டூலை முன்கூட்டியே மாற்றினோம்.

அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். அங்கேதான் அதிகம் பதிவாகியிருந்தது. அந்தக் குழுக்களில் பயப்படாமல் சொன்னார்கள் என்பதே அவர் கண்ட காரணம். இதைப் படித்தபோது என் சிவப்பு ட்ரேதான் கண்ணில் நின்றது.

இப்போது சூப்பர்வைசர்களுக்குப் பயிற்சி தருகிறேன். அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: உங்கள் டீமிடம் "என்கிட்ட ஏதாவது குறை இருக்கா?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்ல சார்" என்றுதான் பதில் வரும். "இந்த வாரம் என்னால உங்க வேலை எங்கே நின்னுச்சு?" என்று கேளுங்கள். ஆறு பேர் உள்ள டீமில் பெயர் எழுதாத படிவம் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, கையெழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். கேட்டதில் ஒன்றையாவது அந்த வாரமே மாற்றுங்கள். முடியாததை, ஏன் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

அன்று அந்த டூலை மாற்றிச் சில மாதம் கழித்து, சேர்ந்து மூன்றே வாரமான பையன் ஒருவன் பீஸோடு நேராக என் மேஜைக்கு வந்தான். "சார், நான் செட் பண்ணினதுலதான் தப்பு." துளையை அளக்கும் போர் கேஜை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் மெஷினுக்கு நடந்தோம்.