தோகாய் ஒயினில் சர்க்கரையைப் போட்டது யார்?

விடுதி ஒன்றில் ஒயின் பரிமாறுவது என் வேலை. விருந்தின் முடிவில் ஹங்கேரியின் தோகாய் அசூவை ஊற்றும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும்: “எவ்வளவு சர்க்கரை சேர்க்கிறார்கள்?” துளியும் சேர்ப்பதில்லை என்பேன். உடனே முகம் மலர்ந்துவிடும். “அப்படியானால் சர்க்கரை நோய் உள்ளவர்களும் குடிக்கலாமே!” சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

வடகிழக்கு ஹங்கேரியில் போத்ரோக் ஆறு திஸாவோடு கலக்கும் இடத்தில் இருக்கிறது தோகாய். இலையுதிர்காலக் காலைகளில் ஆற்றிலிருந்து எழும் மூடுபனி கொடிகளைப் போர்த்தும். பிற்பகலில் வெயிலும் காற்றும் வந்து உலர்த்தும். ஈரத்தில் பொட்ரைட்டிஸ் என்ற பூஞ்சை பழத்தோலைத் துளைக்க, வெயிலில் உள்ளிருக்கும் நீர் வெளியேறுகிறது. சர்க்கரையும் புளிப்பும் செறிகின்றன. வெயில் வராமல் ஈரமே நீடித்தால் குலை வெறுமனே அழுகும். இப்படி வற்றிச் சுருங்கிய பழந்தான் அசூ. பார்த்தால் குப்பையில் போடத் தோன்றும்! அதை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கி, திராட்சைச் சாற்றிலோ நொதிக்கும் ஒயினிலோ ஊறவைத்துப் பிழிகிறார்கள். முன்பெல்லாம் 136 லிட்டர் பீப்பாய்க்கு எத்தனை கூடை அசூ என்பதே இனிப்பின் கணக்கு.

எந்தெந்த ஊர்த் தோட்டங்கள் தோகாய் என்று 1737-இலேயே அரசாணை எல்லை வகுத்துவிட்டது. நிலம் பெரும்பாலும் எரிமலைப் பாறை. தோகாய்க் குன்றில் காற்று கொண்டுவந்து படியவைத்த லோயஸ் மண். பாறை நிலத்து ஒயினில் இறுக்கமும் லோயஸ் ஒயினில் மென்மையும் தெரியும் என்பது என் நாக்கின் தீர்ப்பு.

ஆனால் இங்கே நாக்கை முழுதாக நம்பக் கூடாது. முதன்மைத் திராட்சை வகையான ஃபுர்மிண்ட் இயல்பிலேயே நல்ல புளிப்பு. அந்தப் புளிப்பு இனிப்பைத் திகட்டவிடாது, அதனால் அளவும் தெரியாது. 2013 முதல் அசூவுக்கு லிட்டருக்குக் குறைந்தது 120 கிராம் சர்க்கரை வேண்டும் என்பது விதி. நாங்கள் ஊற்றும் 60 மில்லியில் ஏழு கிராமுக்கு மேல். ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி. பழத்தின் சொந்தச் சர்க்கரையானாலும் இரத்தத்தில் ஏறத்தான் செய்யும். இன்சுலினோ சில மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு, பிறகு மது சர்க்கரையை அபாயமாகத் தாழ்த்தவும் கூடும். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கோப்பையைத் தொட வேண்டாம்.

இனிப்பு பிடிக்காதவர்களுக்கு ஒரு குறிப்பு: அதே ஊரில் ஃபுர்மிண்டிலிருந்தே இனிப்பற்ற ஒயினும் செய்கிறார்கள். லேபிளில் ‘ஸாரஸ்’ என்று இருக்கிறதா பாருங்கள். ஹங்கேரிய மொழியில் அதற்கு உலர்ந்தது என்று பொருள். ‘ஏதெஷ்’ என்றிருந்தால் இனிப்பு.