ஆறில்லாத ஊரில் அகழி
வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “கோட்டைக்கு அகழி சரி. இங்கிலாந்துக் கிராமங்களில் பண்ணை வீட்டைச் சுற்றிக்கூட அகழி இருக்கிறதே, எதற்கு? பக்கத்தில் ஆறும் இல்லை. தண்ணீர் எப்படி நிற்கிறது?”

எதற்கு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே இப்படிப்பட்ட மனைகள் சுமார் 6,000 உண்டு. பெரும்பாலானவை 1250க்கும் 1350க்கும் இடையில் வெட்டப்பட்டவை. திருடனும் மாடும் உள்ளே வராது, மீன் வளர்க்கலாம், மனையின் ஈரமும் வடியும். படை வந்தால் தாங்காது. கோட்டை கட்ட வசதியில்லாத சிறு நிலக்கிழாருக்கு அகழி ஓர் அந்தஸ்து.

தண்ணீர் நிற்பதுதான் எனக்குப் பிடித்த கதை. கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக், எசெக்ஸ் பகுதிகளில் மழை குறைவு, ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் அளவுதான். ஆனாலும் அகழிகள் அங்கேதான் அதிகம். காரணம் களிமண். ஏறக்குறைய 4.5 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வடக்கிலிருந்து நகர்ந்து வந்த பனிப்பாளம், வழியில் இருந்த பாறைகளை மாவாக அரைத்து, தன் எடையால் அழுத்திவிட்டுப் போனது.

ஈரக் களிமண்ணை விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள், வழுக்கும். அதன் துகள்கள் மணலைப் போல உருண்டைகள் அல்ல, தட்டையான தகடுகள். ஒவ்வொன்றும் 2 மைக்ரோமீட்டருக்கும் சிறியது. மணலில் தண்ணீர் இடுக்கு வழியே நேராக இறங்கிவிடும். இங்கே தகடுகளைச் சுற்றிச் சுற்றி, வளைந்து வளைந்துதான் போக வேண்டும். போதாததற்குத் தகட்டின் பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால், அது ஒரு நீர்ப்படலத்தைத் தன்னோடு ஒட்டிவைத்துக்கொள்கிறது. ஏற்கெனவே குறுகலான வழி இன்னும் குறுகிவிடும். கோடையில் காய்ந்து வெடித்தால்கூட, மழை பெய்ததும் மண் உப்பி விரிசலை மூடிக்கொள்ளும். இப்படிப்பட்ட மண்ணில் பள்ளம் வெட்டினால் போதும், மழைநீரே நின்றுவிடும்.

அப்புறம் அடியில் சேறு படிகிறது. தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. சேற்றுக்குள் போகும் கொஞ்சத்தையும் பாக்டீரியாக்கள் தீர்த்துவிடுகின்றன. மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்கு மூச்சு முட்டுகிறது. அதனால்தான் பழைய பாலத்தின் ஓக் மரத்தூண், தோல் செருப்பு எல்லாம் உளுத்துப் போகாமல் கிடைக்கின்றன. தூணின் ஆண்டு வளையங்களை எண்ணி ஒப்பிட்டு, பட்டையோரம் வரை மிஞ்சியிருந்தால் மரத்தை வெட்டிய ஆண்டையே சொல்லலாம்.

வயலுக்காக வடிகால் வெட்டி அகழியை வற்றவைத்தால் சேற்றுக்குள் காற்று நுழைகிறது. 700 ஆண்டு நிலைத்த மரம் மளமளவென்று மக்கிப்போகும். மாளிகைகளைப் பழுதுபார்க்கப் பணம் தேடுகிறவர்கள், வீடே மிஞ்சாமல் புல் மூடிக் கிடக்கும் இந்தப் பள்ளங்களின் ஈரத்தைக் காக்கவும் கொஞ்சம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்தச் சிறு நிலக்கிழாரின் வீட்டுப் பொருள்கள் அந்தச் சேற்றில்தான் இருக்கின்றன.