"எது சரியான இங்கிலீஷ்?" என்று கேட்பதை முதலில் நிறுத்துங்கள்

என்னிடம் திருத்த வருகிற ஆங்கிலக் கூட்டக் குறிப்புகளில் மறுபடியும் அதே "டேபிள்". ஒரு விஷயத்தை டேபிள் பண்ணுவோம் என்று பிரிட்டிஷ்காரர் சொன்னால், இப்போதே பேசுவோம் என்று பொருள். அமெரிக்கர் சொன்னால், ஒத்திப்போடுவோம் என்று பொருள். இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டுப் படை அதிகாரிகளும் இந்த ஒரு சொல்லால் நெடுநேரம் மல்லுக்கட்டியதைச் சர்ச்சிலே எழுதிவைத்திருக்கிறார். இன்னும் அதே கூத்துதான்.

இதைச் சுட்டிக்காட்டினால், "லண்டன்காரர் சொல்வதுதானே அசல், அமெரிக்கர் கெடுத்துவிட்டார்கள்" என்கிறார்கள். இல்லை ஐயா! "கார்", "ஹார்ட்" போன்ற சொற்களில் ர் ஒலியை விழுங்கும் பழக்கம் தென்கிழக்கு இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில்தான் வேரூன்றியது. அதற்கு முன்பே கப்பலேறியவர்களோடு அந்த ர் அமெரிக்காவுக்குப் போய்விட்டது. ஸ்காட்லாந்தும் அயர்லாந்தும் இன்றும் அதை விடவில்லை. அமெரிக்கக் கொச்சை என்று பலர் முகம் சுளிக்கும் "சாக்கர்" இங்கிலாந்திலேயே பிறந்த சொல். அதற்காக அமெரிக்கப் பேச்சுதான் பழைய அசல் என்றும் கிளம்பிவிடாதீர்கள். "வாட்டர்" அங்கே "வாடர்" ஆனது பிற்காலத்து வழக்கம்.

எனவே யார் சரி என்ற பஞ்சாயத்து வேண்டாம். குழப்பம் வரும் வழியை அடைத்துவிடுங்கள், போதும்.

தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். 04/05 அமெரிக்காவில் ஏப்ரல் 5, பிரிட்டனில் மே 4. கேலன் என்று எழுதாதீர்கள், லிட்டரில் சொல்லுங்கள்: அமெரிக்கக் கேலன் சுமார் 3.79 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.55. "ஹாஃப் செவன்" என்றால் பிரிட்டனில் ஏழரை. தாய்மொழி ஜெர்மனாக இருப்பவர் அதை ஆறரை என்று எடுத்துக்கொள்ளக்கூடும். தென்னாப்பிரிக்கர் "ஜஸ்ட் நவ்" என்றால் இப்போதே என்று பொருள் அல்ல, பிறகு எப்போதாவது என்றுதான்; காத்திருக்காதீர்கள், எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்.

தொலைபேசியில் "கேன்ட்" என்று சொல்லவே சொல்லாதீர்கள். அமெரிக்கர் கடைசி ட்-ஐத் தொண்டையிலேயே நிறுத்திவிடுவார். முடியும் என்றாரா, முடியாது என்றாரா? "கேனாட்" என்று முழுசாகச் சொல்லுங்கள். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டையும் இலக்கம் இலக்கமாகப் பிரித்துச் சொல்லுங்கள். (விமானிகள் வானொலியில் 9-ஐ "நைனர்" என்பது பந்தாவுக்கு அல்ல, 5 என்று காதில் விழக்கூடாது என்பதற்காக.)

இன்னொன்றை மட்டும் தயவுசெய்து அலட்சியம் பண்ணாதீர்கள். பாரசிட்டமாலுக்கு அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்று பெயர். வேறு வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் விழுங்கினால் அளவு இரட்டிப்பாகும், அடி விழுவது கல்லீரலுக்கு. பயணத்தில் மாத்திரை வாங்கினால், அட்டையில் உள்ள மூலப்பொருளின் பெயரைக் காட்டி மருந்தாளுநரிடம் கேட்டுவிட்டே போடுங்கள்.